காட்டும் காசும் கைக்காசும்

மாம்புரியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு. நடுவே மிளகாயும் வெங்காயமும் விளைகின்ற மணல் தோட்டங்கள். 2010ஆம் ஆண்டிலிருந்து கரையோரத்தில் காற்றாலைகளும் சுழல்கின்றன. இங்குள்ள எமது சிறிய அலுவலகத்துக்கு வரும் பெண்கள் பெரும்பாலும் நுண்கடன், காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அஸ்வெசும கொடுப்பனவு ஆகியவற்றைப் பற்றியே பேசுவார்கள். 2025 யூன் மாதம் ஒருநாள் முற்பகல் வந்த ராத்தா ஒருவர் வேறொரு விடயத்தோடு வந்திருந்தார்.

அவர் கையில் பொலித்தீன் பையில் சுற்றிய காணி உறுதி ஒன்று இருந்தது. மன்னார் எருக்கலம்பிட்டியில் வாப்பா அவருடைய பெயருக்கு எழுதிக்கொடுத்த வளவு அது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது பதினொரு வயதுப் பிள்ளையாகப் படகேறிக் கல்பிட்டியில் வந்து இறங்கியவர் அவர். அன்று உம்மா இடுப்பில் கட்டிக்கொண்டு வந்த கடதாசி இது ஒன்றுதான்.

"தங்கச்சி, இத வெச்சா எவ்வளவு தருவாங்கெண்டு பாத்துச் சொல்லுங்க. புள்ளைக்கு ஜேர்மனி போறதுக்குக் காசு காட்டணுமாம்" என்றார்.

அவருடைய மகள் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருட மாணவி. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஐந்து மாதங்கள் ஜேர்மனியில் படிக்கத் தெரிவாகியிருந்தாள். கணவர் இறந்து ஒன்பது வருடங்கள். வெங்காயத் தோட்டத்தில் கூலி, கருவாடு காயவைத்து விற்பது, மாதச் சீட்டு ஒன்று: இவைதான் ராத்தாவின் வருமானம். இந்த நிலையில் தரகர் ஒருவர் வந்து, "நாற்பத்திரண்டு இலட்சம் காட்ட வேண்டும். நான் மூன்று மாதத்துக்கு உங்கள் கணக்கில் போட்டுவிடுகிறேன். மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி. ஈட்டுக்கு உறுதியைத் தாருங்கள்" என்று கூறியிருக்கிறார்.

அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு படபடத்தது. காரணம், இந்தக் கதை என் வீட்டிலும் நடந்தது.

என் அம்மாவின் கடன்

2013இல் நான் சமூகவியல் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கும் இவ்வாறு ஒரு பருவம் வெளிநாட்டில் படிக்க வாய்ப்பு வந்தது. அம்மா மிளகாய்த் தோட்டங்களில் வேலை செய்து என்னைப் படிப்பித்தவர். "காசு காட்ட வேண்டும்" என்ற ஒரு சொல்லோடு எங்கள் வீடு கலங்கிப்போனது. தெரிந்த ஒருவர் பன்னிரண்டு இலட்சம் ரூபாவை வட்டிக்கு எங்கள் கணக்கில் போட்டார். அதுவரை நாலாயிரம், ஐயாயிரம் என்று மட்டுமே இருந்த புத்தகத்தில் ஒரே நாளில் பன்னிரண்டு இலட்சம் ஏறியது. நாங்கள் அந்த வங்கிக் கூற்றைப் பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தோம்.

வீசா மறுக்கப்பட்டது. பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு விளக்கமில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தார்கள். அவர்கள் எழுதியது சரிதான். அது எங்கள் பணமல்ல. பணத்தை அவர் திருப்பி எடுத்துக்கொண்டார். வட்டி மட்டும் எங்களிடம் நின்றது. அதை அடைக்க அம்மாவின் தாலிக்கொடி போனது. அம்மா ஒரு நாளும் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அன்று எங்களுக்கு அருகே இருந்து ஒரு கடதாசியில் கணக்குப் போட்டுக் காட்ட ஒருவர் இருந்திருந்தால் அந்தக் கொடி அம்மாவின் கழுத்திலேயே இருந்திருக்கும்.

ஆகவே ராத்தாவிடம், "உறுதியைத் திரும்பப் பையில் வையுங்கள். நாளைக்கு மகளையும் கடிதங்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். முதலில் கணக்குப் பார்ப்போம்" என்றேன்.

ஏன் கேட்கிறார்கள்?

வெளிநாட்டுக்குப் படிக்க வரும் பிள்ளை இடைநடுவில் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் வழியில்லாமல் நிற்கக்கூடாது என்பதற்காகவே பல நாடுகளும் முன்கூட்டியே நிதிச் சான்று கேட்கின்றன. எவ்வளவு, எந்த வடிவில் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும்.

பிரித்தானியாவில் மாணவர் வீசாவுக்கு 2025 நவம்பர் முதல் வாழ்க்கைச் செலவாக மாதம் ஒன்றுக்கு இலண்டனில் 1,529 பவுண், ஏனைய இடங்களில் 1,171 பவுண் என்ற கணக்கில், ஆகக்கூடியது ஒன்பது மாதங்களுக்குக் காட்ட வேண்டும். அந்தப் பணம் தொடர்ந்து 28 நாட்கள் குறையாமல் கணக்கில் இருக்க வேண்டும். கனடா பல ஆண்டுகளாக 10,000 டொலரே கேட்டுவந்தது. 2024 ஜனவரியில் அதை 20,635 டொலராகவும், 2025 செப்டெம்பரில் 22,895 டொலராகவும் உயர்த்தியது. அவுஸ்திரேலியா 2024 மே மாதத்தில் 29,710 அவுஸ்திரேலிய டொலராக்கியது. இவையெல்லாம் படிப்புக் கட்டணத்துக்கு மேலதிகமானவை.

ஜேர்மனியின் முறை வேறு. அங்கு மாதத்துக்கு 992 யூரோ, வருடத்துக்கு 11,904 யூரோ என்று 2024 செப்டெம்பரில் நிர்ணயித்தார்கள். இதைப் பெரும்பாலானோர் 'புளொக்ட் எக்கவுண்ட்' என்னும் பூட்டிய கணக்கில் முன்கூட்டியே வைப்பிலிடுகிறார்கள். பிள்ளை அங்கு போய்ச் சேர்ந்த பின்னர் மாதாமாதம் உரிய பங்கு மட்டும் திறந்துவிடப்படும். புலமைப்பரிசில் கடிதத்தையும் நிதிச் சான்றாக ஏற்கிறார்கள். ஜேர்மனியில் வாழும் உறவினர் ஒருவர் அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் பொறுப்பேற்று எழுதிக் கொடுப்பதும் ஒரு வழி. ஆனால் அது வெறும் கையெழுத்தல்ல. பிள்ளைக்கு அங்கு அரச உதவி ஏதும் தேவைப்பட்டால் கையெழுத்திட்டவரே அதைத் திருப்பிக் கட்ட வேண்டும். உறவினரிடம் கேட்குமுன் இதை அவருக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

கடதாசியில் போட்ட கணக்கு

மறுநாள் தாயும் மகளும் வந்தார்கள். மகளின் கடிதத்தை மூவருமாக வரிவரியாக வாசித்தோம். அது ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தின் கீழான பரிமாற்றம். படிப்புக் கட்டணம் இல்லை. மாதம் 900 யூரோ உதவித்தொகை. விமானப் பயணத்துக்குத் தனியாக ஒரு தொகை. ராத்தாவுக்கு இதெல்லாம் புதிய செய்தி. தரகர் கடிதத்தைப் பார்க்கவேயில்லை!

ஒரு யூரோவை 350 ரூபாவாக வைத்துக் கணக்குப் போட்டோம்.

தரகர் சொன்ன நாற்பத்திரண்டு இலட்சம் என்பது முழு வருடத்துக்கான 11,904 யூரோ. பிள்ளை போவது ஐந்து மாதங்களுக்கு. ஐந்து மாதங்களுக்கு 4,960 யூரோ, அதாவது 17 இலட்சத்து 36 ஆயிரம் ரூபா. அதில் 4,500 யூரோ உதவித்தொகையாக வருகிறது. அதற்குக் கடிதமே சான்று. மிச்சம் 460 யூரோ. நமது காசில் ஒரு இலட்சத்து 61 ஆயிரம் ரூபா.

இதற்காகத் தரகர் கேட்ட வட்டி எவ்வளவு? நாற்பத்திரண்டு இலட்சத்துக்கு மாதம் மூன்று வீதம் என்றால் ஒரு இலட்சத்து 26 ஆயிரம். மூன்று மாதத்துக்கு மூன்று இலட்சத்து 78 ஆயிரம். தேவைப்பட்ட முழுப் பணத்தைவிட இரு மடங்குக்கும் மேலாக வட்டி! அத்தோடு, நமது ஊர் வங்கிக் கணக்கில் காட்டும் மீதி இந்தப் பிள்ளையின் வீசாப் பட்டியலில் ஏற்கும் சான்றாக இருக்கவும் இல்லை. உறுதியும் போயிருக்கும், காரியமும் நடந்திருக்காது.

ராத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு இலட்சத்தி அறுபத்தொண்டா? அது சீட்டெடுத்தாலே பாதிக்கு மேல வந்துடுமே" என்றார்.

அன்றே ஒரு பட்டியல் எழுதினோம். சீட்டு எடுத்தால் ஒரு இலட்சம். ராத்தாவின் சேமிப்புப் புத்தகத்தில் 45,000. மகள் மகாபொல பணத்திலிருந்தும் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தும் சேர்த்தது 55,000. மொத்தம் இரண்டு இலட்சம். பூட்டிய கணக்குக்கான 1,61,000 போக 39,000 மிஞ்சியது. கணக்குத் திறக்கும் கட்டணம், மொழிபெயர்ப்பு, கொழும்புக்குப் போய்வரும் செலவு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஜேர்மனியின் நீண்டகால வீசாவுக்கு 75 யூரோ கட்டணம். பொதுநிதியிலிருந்து புலமைப்பரிசில் பெறுபவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. இதையும் கேட்டுத்தான் பெற வேண்டும், தானாக வராது.

முதல் மாதம்தான் கஷ்டம்

நிதிச் சான்று முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. காட்டும் காசு வேறு, கையில் இருக்கும் காசு வேறு. உதவித்தொகை பல இடங்களில் பிள்ளை போய்ச் சேர்ந்து, பதிவு செய்து, அங்கு வங்கிக் கணக்குத் திறந்த பின்னரே கைக்கு வரும். பூட்டிய கணக்கும் அப்படித்தான். ஆனால் அறை வாடகையும் முற்பணமும் முதல் நாளே கேட்கப்படும். விமானச் சீட்டும் முன்பே எடுக்க வேண்டும். பயணப்படி பிறகு வரும் என்றால் அந்தச் சீட்டுக்கு இப்போது பணம் எங்கே?

மகள் ஒரு மின்னஞ்சல் எழுதினாள். தன் தாயின் தொழிலையும் வீட்டு நிலைமையையும் மறைக்காமல் சொல்லி, விமானச் சீட்டை நீங்களே எடுத்துத் தர முடியுமா, முதல் தவணையை வந்த கிழமையிலேயே தர முடியுமா, மாணவர் விடுதியில் இடம் ஒதுக்கித் தர முடியுமா என்று மூன்று கேள்விகள் கேட்டாள். அனுப்புமுன் அவளுக்கு வெட்கமாக இருந்தது. "இல்லாத வீட்டுப் பிள்ளை என்று நினைத்துவிடுவார்களே மிஸ்" என்றாள். நான் சொன்னேன்: "கேட்பதில் வெட்கமில்லை. அந்தத் திட்டத்தில் பயணத்துக்கென்று பணம் ஒதுக்கித்தானே வைத்திருக்கிறார்கள்?" ஆறாம் நாள் பதில் வந்தது. சீட்டுக்கும் விடுதிக்கும் சம்மதம். முதல் தவணை இரண்டு கிழமையில் கிடைக்கும்.

அந்த இரண்டு கிழமைக்காக 250 யூரோ கையில் கொண்டு போனாள். அதற்கு ராத்தா தன் காப்பு ஒன்றை அரச வங்கியில் அடகு வைத்தார். கடனே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு, எத்தனை நாளைக்கு, எதிலிருந்து மீட்பது என்று தெரிந்து வாங்கும் கடன் இது. நவம்பரில் மகள் அனுப்பிய காசில் காப்பு திரும்பி வந்துவிட்டது.

தாயிடம் கற்ற பாதீடு

பின்பு மாதச் செலவுக்கு உட்கார்ந்தோம். மகள் விசாரித்து எழுதிய தொகைகள் இவை: அறை வாடகை 350 யூரோ, சுகாதாரக் காப்புறுதி 145, சாப்பாடு 200, பருவக் கட்டணத்தில் மாதப் பங்கு 60, தொலைபேசி 10, குளிர் உடுப்பும் பயணமும் 40, கொப்பி புத்தகம் 20. கூட்டினால் 825. மாதம் கிடைப்பது 992. மிச்சம் 167.

"மிச்சமிருக்கு" என்று மகள் சிரித்தாள். ராத்தா சிரிக்கவில்லை.

"அங்க ஒரு கிலோ அரிசி என்ன விலை?" என்று கேட்டார். மகளுக்குத் தெரியவில்லை. "பாத்து எழுது. நீ எழுதின இருநூறு எப்படி வந்துச்செண்டு உனக்கே தெரியாதே" என்றார். பிறகு தன் கதையைச் சொன்னார். "முகாமில நிவாரண அரிசி வந்த அண்டைக்கே எங்கட உம்மா அத நாலு சாக்குல பங்கு வெச்சிடுவா. ஒரு கிழமைக்கு ஒரு சாக்கு. கடைசிச் சாக்குல ரெண்டு சுண்டு எடுத்து வேறயா ஒளிச்சி வெப்பா. ஆருக்காவது காய்ச்சல் வந்தாத்தான் அது வெளிய வரும்."

நான் பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் படித்தும் பாதீட்டை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. மகள் அதே முறையைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டாள். 167 யூரோவை 'உம்மும்மாவின் ரெண்டு சுண்டு' என்று பெயரிட்டு ஒதுக்கினாள். அங்கு போன முதல் மாதமே அது தேவைப்பட்டது. வீட்டுக்கு ஒன்று என்று அறவிடப்படும் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் பற்றி அவள் பட்டியலில் இல்லை. மாதம் 18 யூரோவுக்கு மேற்பட்ட அந்தக் கட்டணத்தைத் தன் விடுதியில் இருப்பவர்களோடு பங்கிட்டுக்கொண்டாள்.

இந்த ஒதுக்கீடு ரூபாவுக்கும் வேண்டும். 2022இன் தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மார்ச் மாதத்தில் ரூபாவை மிதக்கவிட்டார்கள், மே மாதத்தில் அது 360ஐத் தொட்டது. வீட்டிலிருந்து ரூபா அனுப்பிப் படிப்பித்த குடும்பங்கள் அன்று பட்ட பாடு நமக்குத் தெரியும். ஆகவே மாற்று விலையை அன்றைய நாளுக்கு உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டியே வைத்துக் கணக்குப் போடுங்கள்.

அங்கு வேலை செய்து சமாளிக்கலாம் என்ற பேச்சும் அடிபடுகிறது. ஜேர்மனியில் 2024 மார்ச் முதல் வெளிநாட்டு மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாட்கள் வேலை செய்யலாம். ஆயினும் இனிமேல் உழைக்கப்போகும் காசை நிதிச் சான்றாகக் காட்ட முடியாது. ஐந்து மாதம் மட்டும் போகிற பிள்ளைக்கு மொழியும் தெரியாமல் வேலை கிடைப்பதும் இலகுவல்ல. அதைப் பாதீட்டில் வரவாக எழுதாதீர்கள்.

நமது கடதாசிகள்

போரினால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குப் பணத்தைவிடக் கடதாசிகள் பெரிய தடையாகின்றன. இடம்பெயர்வில் தொலைந்த பிறப்பு, விவாகச் சான்றிதழ்களின் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். கணவர் காணாமல் ஆக்கப்பட்டவராயின், மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத சகோதரிகள் 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் காணக்கிடைக்காமைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். 'தந்தை எங்கே, அவருடைய வருமானம் எங்கே' என்ற கேள்வி விண்ணப்பத்தில் வரும்போது அது பதிலாக அமையும்.

தாயே செலவுக்குப் பொறுப்பேற்பவர் என்றால் அவருடைய வருமானத்துக்குக் கிராம உத்தியோகத்தரின் சான்றும் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் பெற்றுக்கொள்ளுங்கள். சீட்டுப் பணம், காணி விற்ற பணம், உறவினர் அனுப்பிய பணம் என எதுவானாலும், பெரிய தொகை கணக்கில் விழுந்தால் அது எங்கிருந்து வந்தது என்று ஒரு கடிதமும் சான்றும் சேர்த்து வையுங்கள். இரவல் பணத்தைச் சொந்தப் பணம் என்று எழுதுவதும் போலி வங்கிக் கூற்றும் சிறு விடயங்களல்ல. கனடாவில் பொய்த் தகவல் கொடுத்தால் ஐந்து வருடத் தடை. பிரித்தானியாவில் பத்து வருடம் வரை தடை வரலாம். தரகருக்கு அடுத்த வீடு இருக்கிறது. தடை பிள்ளையின் பெயரில்தான் நிற்கும்.

பெரிய தொகை எவ்வகையிலும் இயலாது என்றால் முழுப் புலமைப்பரிசில்களைத் தேடுவதே நமக்கு உகந்த வழி. எராஸ்மஸ் முண்டூஸ் முதுமாணிப் படிப்புக்கு மாதம் 1,400 யூரோ கிடைக்கும். இந்திய அரசின் நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில் இலங்கைப் பிள்ளைகளின் பட்டப்படிப்புக்குக் கட்டணமும் மாதக் கொடுப்பனவும் தருகிறது. இத்தகைய இடங்களில் தெரிவுக் கடிதமே நிதிச் சான்றின் பெரும் பங்கை நிறைவு செய்துவிடும்.

சகோதரிகளே,

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் ஒருநாள் இப்படியொரு கடிதம் வரலாம். வந்தால் முதலில் கடிதத்தை முழுவதும் வாசிப்பியுங்கள். எத்தனை மாதம், என்ன தருகிறார்கள், என்ன குறைகிறது என்று மூன்று வரி எழுதுங்கள். குறைவதை மட்டும் தேடுங்கள். விளங்காத இடத்தைப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டுத் தொடர்புப் பிரிவிடம் அல்லது பிள்ளையை அழைக்கும் நிறுவனத்திடமே கேளுங்கள். பதில் சொல்ல அவர்கள் காசு கேட்கமாட்டார்கள். அதுவரை நகையும் உறுதியும் பெட்டியில் இருக்கட்டும்.

ராத்தாவின் மகள் படிப்பை முடித்து ஊர் திரும்பிவிட்டாள். வந்த மறுநாள் தாயும் மகளுமாக எமது அலுவலகத்துக்கு வந்தார்கள். மகள் ஒரு கொப்பியைத் தந்தாள். ஐந்து மாதச் செலவும் நாளுக்கு நாள் அதில் எழுதப்பட்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் மிச்சம் 212 யூரோ.

"அடுத்து யாராவது போறதெண்டா அவங்களுக்குக் காட்டுங்க மிஸ்" என்றாள்.

கொப்பி இப்போது என் மேசையில் இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் அம்மாவிடமும் அதைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். அரிசி என்று எழுதியிருந்த இடத்தில் நிறுத்தி, "இங்கத்தைய விலையைவிடப் பெரிய வித்தியாசமில்லையே" என்று மட்டும் சொன்னார்.